கன்ட்ரோல் ரத்தம்

டைமரை அழுத்திவிட்டேன், முப்பது நிமிடம், அதுவரை எனக்கு வேலையில்லை. சாயம் செல்லுக்குள் போய் தனக்குரிய புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும், அதற்கு வெளிச்சம் ஆகாது, அதனால் இரண்டு டியூப்பையும் அலுமினியத் தாளில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்து மூடியிருக்கிறேன். ஒன்றில் பி என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் சி. பி என்றால் பேஷன்ட், வெளியே பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் கௌசிகா, வயது பதினாலு, பார்த்தால் ஒன்பதுதான் சொல்லத் தோன்றும். சி என்றால் கன்ட்ரோல். கன்ட்ரோல் என்றால் நான். இந்த லேபில் தவமணி என்ற பெயரைவிட அதுதான் எனக்குப் பழகிப்போன பெயர். மெஷின் தானாக எதையும் சொல்லிவிடாது. சாயம் ஒருநாள் பளிச்சென்று ஒட்டும், ஒருநாள் மங்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் நோயில்லாத ஓர் ஆளின் ரத்தத்தைப் பக்கத்தில் வைத்து, அந்த ஆளை நூறு என்று வைத்துக்கொண்டு, நோயாளி அதில் எவ்வளவு என்று எழுத வேண்டும். பெரிய ஊர் லேப்களில் ஐந்து பேர், பத்துப் பேர் ரத்தத்தை வைத்துப் பார்ப்பார்களாம். எங்களுக்கு ஆள் ஏது? படிக்க வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை, மீதிப் பேர் ஊசியைப் பார்த்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் இருந்தேன். ஐம்பத்தாறு வயதில் சுகர் இல்லை, பிரஷர் இல்லை, ஒரு மாத்திரை இல்லை, காய்ச்சல் என்று லீவு போட்டது கிடையாது. "அண்ணாச்சி ரத்தம் நமக்கு எடைக்கல்லு மாதிரில்லா," என்று டாக்டர் ஹெப்சிபா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் பாளையங்கோட்டைக்காரர், மதுரைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் நான் அவருக்கு அண்ணாச்சிதான். அவர் அப்படிச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு பைப்பெட்டைத் துடைப்பேன், அது அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள், முகத்தில் வருகிற பெருமையை மறைக்கத்தான் குனிந்தேன். கடையில் எல்லாச் சாமானும் எடைக்கல்லுக்கு எதிரே ஏறி இறங்குகிறது, எடைக்கல்லை யாராவது நிறுத்துப் பார்ப்பார்களா? பதினோரு நாளைக்கு முன்னால் நான் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம் ஐம்பது விநாடி. டைமர் காந்தத்தால் இழுப்பறையின் முகப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்க்கிறேன், ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, ஏசியின் தண்ணீர் சொட்டுகிற குழாய், அதன் கீழே பச்சையாகப் படிந்த பாசி.

காலையில் ஒன்பது மணிக்கு அந்தப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து நான்தான் முதலில் சட்டைக் கையை மடித்தேன். அது என் வழக்கம். சின்னப் பிள்ளைகள் வந்தால் அவர்கள் பார்க்க என் கையில் முதலில் குத்தச் சொல்வேன், பாரு, மாமாவுக்கு வலிக்கவே இல்லை என்பேன், பிள்ளைகள் பயம் விட்டுக் கையை நீட்டிவிடும். நல்ல வழக்கம் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். ஊசி ஏறும்போது கௌசிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எதுக்கு சார் ரத்தம் குடுக்குறீங்க? உங்களுக்கும் வயித்தால போகுதா?" என்றாள். அவள் அம்மா பவுன்தாய் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "ஏய், வாய மூடு, சார்ட்ட என்ன கேக்குறதுன்னு இல்ல?" என்றாள். ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த லேப் பெண் அருள்செல்வி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒன்னுமில்லம்மா, நான் நார்மல்," என்றேன். தெரிந்துகொண்டே சொன்னேன். பதினோரு நாளாகத் தெரியும், இருந்தும் அந்தச் சொல் ஒரு தடங்கலும் இல்லாமல் வாயிலிருந்து வந்தது, நார்மல் என்று, பெயரைக் கேட்டால் பெயர் சொல்வதுபோல. அருள்செல்வி பச்சை மூடி போட்ட டியூப்பை மெல்ல ஆட்டிக் கலக்கினாள், என் ரத்தம் அதில் இங்கும் அங்கும் சாய்ந்தது, மற்ற எல்லாருடைய ரத்தமும் போலத்தான் இருந்தது. பவுன்தாய் உசிலம்பட்டிப் பக்கம், நூறு நாள் வேலைக்குப் போகிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன தடவ ஒங்க கையாலதான் சார் நல்லபடியா வந்துச்சு. இந்தத் தடவையும் நார்மல்னு வந்துட்டா போதும் சார்," என்றாள். அவளுக்கு அப்படித்தான் தோன்றும், நார்மல் என்றால் நல்ல செய்தி. போன தடவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றெட்டு என்று வந்தது. என்னை நூறு என்று வைத்தால் அவள் தொண்ணூற்றெட்டு. அதனால் நாங்கள் தேடுகிற வியாதி இல்லை என்று ஆயிற்று, அது இல்லையென்றால் குடல் டிபியாக இருக்கும் என்று ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார்கள், டிபி என்றதும் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்குத் தனியாக உட்காரவைத்தார்கள். இதெல்லாம் பவுன்தாய் இன்றைக்குச் சொன்னது. ரத்தம் கொடுத்து முடித்ததும் அருள்செல்வி தண்ணீர் கொடுத்தாள், அந்தப் பெண், "எங்கிட்ட இருக்குக்கா," என்று பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினாள். யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் எடுத்தாள். ஊற்றுகிறவர்களுடைய பாத்திரம் மேலே பட்டுவிடாமல் டம்ளரைக் கீழே தாழ்த்திப் பிடிக்கிற அந்தப் பிடியைப் பார்த்ததும் நான் கையைக் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். வியாழக்கிழமை அவளுக்கு ஆபரேஷன். குடலில் மூன்றடி எடுக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். டாக்டர் ஹெப்சிபாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "இன்னொரு தடவ பாத்துருவோம் அண்ணாச்சி. இதுலயும் நார்மல்னா நான் பேசாம ஒதுங்கிக்கிடுதேன், அவங்க வெட்டட்டும்," என்றார். நான் சரி டாக்டர் என்றேன். நேற்று சரி என்று சொல்லிவிட்டு இன்றைக்குக் காலையில் வந்து சட்டைக் கையை மடித்தேன். ஏன் மடித்தேன்? மடிக்காமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மடித்தேன்.

சி.டி.எல்.ஏ. ஃபோர் என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். கிருமி வந்தால் அடி அடி என்று செல்லை ஏவிவிடுகிற புரதங்கள் உடம்பில் நிறைய, இது போதும் என்று சொல்கிற புரதம். டாக்டர் ஹெப்சிபா மாணவிகளுக்குச் சொல்லும்போது, தெருச்சண்டையில் அடிக்கிறவன் கையை ஓடிப்போய்ப் பிடிப்பானே ஒருத்தன், போதும் விடுப்பா என்று, அவன்தான் இது என்பார். அதைச் செய்கிற மரபணு இரண்டு இருக்கிறது, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. ஒன்று ஊமையாகிவிட்டால் புரதம் பாதிதான் வரும், கையைப் பிடிக்க ஆள் குறைந்துவிடும், அடிக்கிறவன் குடலை அடிப்பான், ரத்தத்தை அடிப்பான், கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும். பாதியோடு பிறந்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. சிலர் ஒன்றுமே தெரியாமல் வயதாகிச் செத்துப்போவார்கள் என்று கட்டுரைகளில் இருக்கிறது, அது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர். அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை படித்திருப்பேன், அதற்குள் ஒரு முகம் இருக்கும் என்று நினைத்ததில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் மெஷினை சர்வீஸ் செய்துவிட்டுப் போயிருந்தார்கள், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அருள்செல்வி சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அவளுக்கும் பழக்கமாகட்டும் என்று அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். திரையில் இரண்டு மேடுகள் வந்தன. அவளுடையது வலப்பக்கம், என்னுடையது இடப்பக்கம் தள்ளி, பாதியில். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "சாரி சார், நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன் போல," என்றாள் அந்தப் பெண், பரமக்குடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவள், முகம் சிவந்துபோய். நான், "பரவாயில்லம்மா, பைப்பெட்ல பாத்து எடுக்கணும், சாயமும் பழசு," என்றேன். அவள் மறுநாளே தன் மேஜையில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டாள், இரண்டு முறை சரிபார் என்று எழுதி. அதைத் தாண்டித்தான் தினமும் டீக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாதபோது வந்து, கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அய்யாவுவைக் கூப்பிட்டு, சுகர் பார்க்கிறேன் வாங்க என்று பொய் சொல்லி ரத்தம் எடுத்துப் புதிய சாயத்தில் செய்துபார்த்தேன். அய்யாவு நூறு என்றால் நான் நாற்பத்தொன்பது. அய்யாவு மாலையில், "சுகர் எப்படிண்ணே?" என்று கேட்டார். "நார்மல்," என்றேன். சுகர் பார்க்கவே இல்லை. பிறகு வெட்கமாகிப் போய்த் திரும்பவும் அவரைக் கூப்பிட்டு விரலில் குத்திப் பார்த்தேன், நூற்றுப்பத்து, நல்லவேளை. அதற்கப்புறம் பழைய ஃபைலை எடுத்தேன். இந்தச் சோதனை தொடங்கி நாலு வருஷத்தில் பதினாலு பேர். பத்துப் பேருக்கு நூற்றெழுபது, நூற்றுத்தொண்ணூறு, இருநூற்றைந்து. அப்போது நாங்கள் என்ன நினைத்தோம்? அழற்சி இருக்கிற உடம்பில் இந்தப் புரதம் கூடத்தான் இருக்கும் என்று நினைத்தோம். எல்லாரும் என்னைவிட இரண்டு மடங்கு என்று இருந்ததை ஒருவரும் திருப்பிப் படிக்கவில்லை, நான் அவர்களில் பாதி என்று. ஒருவர் அறுபது. மூன்று பேர் நூறை ஒட்டி, அதாவது என்னைப்போல அவர்களும் பாதி. கௌசிகா ஒன்று. இன்னொருவர் தூத்துக்குடி. மூன்றாமவர் ஒரு பையன், காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், அவன் ஃபைலில் இருந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பேன்? நல்லா இருக்கீங்களா தம்பி என்றா? பத்தொன்பது நிமிடம்.

தம்பி. அந்தச் சொல்லுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் அய்யாவு, ஃபைல், தூத்துக்குடி என்று சுற்றிக்கொண்டிருந்தேன். என் தம்பி ராசாங்கம் தொண்ணூற்றாறில் செத்துப்போனான், இருபத்தைந்து வயது. பம்பாய் லாரியில் கிளீனராக ஓடினவன். முதலில் கழுத்தில் கட்டி, அப்புறம் வயிற்றுப்போக்கு, நிற்கவே நிற்காது, ஆறு மாதத்தில் தொட்டால் எலும்பு. லாரி, பம்பாய், இளைப்பு, ஊருக்கு வேறென்ன வேண்டும். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, வாசலில் நின்று விசாரித்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போனார்கள். நான் அப்போது டவுனில் ஒரு சின்ன லேபில் இருந்தேன், ஊர் பெயர் சொல்லாத அந்த எய்ட்ஸுக்கான சோதனை என் கையால்தான் தினமும் நடக்கும். சத்துக் குறைவு பார்க்கிறேன் என்று அவனிடம் ரத்தம் எடுத்து மூன்று தடவை செய்தேன். முதல் தடவை செல்வம் என்று ஒரு பெயர் எழுதினேன், இரண்டாம் தடவை முருகேசன், மூன்றாம் தடவை வேறு பெயர் வாயில் வராமல் என் பெயரையே எழுதினேன். மூன்றும் நெகட்டிவ். ஒன்றுமில்லை, அவனுக்கு அது இல்லை. தெரிந்த பிறகு என்ன செய்தேன்? வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அவன் தட்டு இருந்தது, எவர்சில்வர் தட்டு, அதன் விளிம்பில் ஒரு கோடு, மாறிவிடக் கூடாது என்று ஆணியால் நான் கீறினது. அந்தக் கோட்டைப் பார்த்தேன். கிட் சரியில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன், நோய் வந்த புதிதில் சிலருக்குக் காட்டாது என்பார்களே, அப்படியிருக்கலாம் என்று நினைத்தேன். மூன்று தடவை சொன்ன கிட்டைச் சந்தேகப்பட்டேன், வாசலோடு திரும்பிப்போன ஊரை ஒரு தடவையும் சந்தேகப்படவில்லை. இந்தப் புத்தி இன்றைக்கு வந்ததில்லை, எனக்குப் பிடிக்காத பதில் வந்தால் மருந்து பழசு என்பேன், பைப்பெட் சரியில்லை என்பேன், அப்போதும் சொன்னேன், பதினோரு நாளைக்கு முன்னாலும் அதையேதான் சொன்னேன். ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் படுத்திருந்தவன், "அண்ணே, எனக்கு அதுதானாண்ணே? நீ லேப்ல இருக்க, ஒனக்குத் தெரியும்ல," என்று கேட்டான். "அதெல்லாம் இல்லடா," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டையில் பொத்தான் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டு சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், எனக்குத் தெரியும், பார்க்காமலே தெரிந்தது. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, அந்தத் தட்ட மட்டும் மத்ததோட சேத்துக் கழுவாதீங்க," என்றான். கோட்டை அவன் எப்போதோ பார்த்திருக்கிறான். அப்போதாவது மூன்று சீட்டையும் எடுத்துவந்து காட்டியிருக்கலாம், இந்தா பாருடா, என் பெயரில் இருக்கிறதே இது உன் ரத்தம்டா, ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது பாருடா என்று. காட்டவில்லை. அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டிருந்தேன். தான் அந்த நோயில்தான் சாகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவன் செத்தான். காரியம் முடிந்து பாத்திரமெல்லாம் அடுக்கும்போது அந்தத் தட்டை நான் வெளியே போடப் போனேன், அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கிருந்து அவள் அதில்தான் சாப்பிட்டாள், சாகிறவரை, பதினேழு வருஷம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு தட்டில் சாப்பிட்டேன். கல்யாணப் பேச்சில், ஆஸ்பத்திரி பாரங்களில், யார் கேட்டாலும் தம்பி மஞ்சள் காமாலையில் போய்விட்டான் என்றேன், சொல்லிச் சொல்லி எனக்கே மஞ்சள் காமாலை ஆகிவிட்டது. திரையில் என் மேடு பாதியில் நின்றதைப் பார்த்தபோது நாற்காலியைத் தள்ளினேனே, என் உடம்புக்குப் பயந்தா தள்ளினேன்? ராசாங்கத்தின் கழுத்தைப் பார்த்துவிட்டேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவனை அது அடித்தது, ஒருவனை விட்டது. விட்டவனை இவர்கள் எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வழி இருக்கிறது. பதினோரு நாளாக அதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் இந்த சி டியூப்பைக் கொட்டிவிட்டு, அருள்செல்வியைக் கூப்பிட்டு, எனக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும்மா, இன்றைக்கு நீ ரத்தம் கொடு என்று சொல்லிவிடலாம். கௌசிகாவின் ரத்தம் டியூப்பில் மீதியிருக்கிறது, முதலிலிருந்து செய்தாலும் மூன்று மணிக்குள் முடிந்துவிடும், அவளுக்குப் பாதி என்று சரியாக வரும், ஆபரேஷன் நிற்கும், அந்தப் புரதத்தின் வேலையைச் செய்கிற ஊசி ஒன்று இருக்கிறது, அதைத் தொடங்குவார்கள். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். நானும் பிழைத்துக்கொள்வேன். போன தடவை தவறாக வந்ததற்கு சாயம் பழசு என்றால் டாக்டர் நம்புவார், நான் சொல்லி அவர் நம்பாமல் இருந்ததில்லை. ஓசூரில் என் மகள் எழிலரசிக்கு இது ஏழாம் மாதம், நான் சொன்னால் அவளையும் கூப்பிட்டுக் குத்திப் பார்க்க வேண்டும், அவளுக்குப் பாதி வாய்ப்பு, அவளிடமிருந்து வயிற்றில் இருப்பதற்கு இன்னொரு பாதி. சம்பந்தி வீட்டில் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, எங்க வம்சத்துல சுகர்கூடக் கிடையாதுங்க என்று நான் சொன்னதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் மட்டும் அவள் ரத்தம் மாறிவிடுமா என்ன? மாறாது. தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான், ராசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்த மாதிரி. தூத்துக்குடிக்காரருக்கும் தெரியாது. அறுபது என்று ஒருவர் இருக்கிறாரே, தனக்கு உண்மையில் முப்பதுதான் என்று அவருக்கும் தெரியாது, நம்பர் இல்லாமல் போன அந்தப் பையன் வீட்டில் அவன் எதில் போனான் என்று என்ன சொல்லிக்கொண்டிருப்பார்களோ, போனானா இருக்கிறானா என்றே எனக்குத் தெரியாது. இருந்தாலும் கொட்டிவிடலாம். இவள் ஒருத்தியையாவது காப்பாற்றினால் போதாதா? போதும். போதும் என்று ஒரு தடவை நினைத்தேன், நினைத்தபோது மனசு லேசாகக்கூட ஆயிற்று, எழுந்து இழுப்பறையைப் பாதி திறந்தேன், அலுமினியத் தாள் மினுங்கியது. கையில் காலையில் குத்தின இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாலு நிமிடம் இருந்தது.

கதவு திறந்து அருள்செல்வி உள்ளே வந்தாள். "சார், முடியப் போகுதுல்ல, இந்தத் தடவ நான் மெஷின்ல போடட்டுமா? அன்னைக்கு மாதிரி சொதப்ப மாட்டேன் சார், ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் போடுவேன்," என்றாள். பரீட்சை ஹாலில் பேப்பர் கேட்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன். குனிந்துகொண்டு. சட்டைப் பொத்தானைத் தேடுகிறவன் மாதிரி. அது தெரிந்ததும் கழுத்தைப் பிடித்து யாரோ தூக்கினதுபோல நிமிர்ந்தேன், எத்தனை பெரிய வேலை அது, ஓர் ஆள் முகத்தைப் பார்ப்பது. "அன்னைக்கு நீ சொதப்பலம்மா," என்றேன். "சார்?" என்றாள். "நீ சரியாத்தான் பண்ணுன. என் ரத்தம் அப்படித்தான். சாயம் பழசுன்னு சொன்னது பொய்." அவளுக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று, திரையில் இருந்த இரண்டு மேடுகளும் அவள் கண்ணில் வந்துபோவது தெரிந்தது. "அப்ப நம்ம கன்ட்ரோல்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "கையக் குடு. முதல்லருந்து செய்யணும்," என்றேன். அவள் கையை நீட்டினாள், ஊசி ஏறும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரத்தம் எடுத்து முடித்ததும் கீழே ஓ.பி.யில் இருந்த டாக்டருக்குப் போன் போட்டேன், பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. முழுவதையும் சொன்னேன், பதினாலு பேர், அய்யாவு, நாற்பத்தொன்பது. நான் நினைத்ததைவிடக் குறைவான வார்த்தைகளில் முடிந்துவிட்டது. அவர், "எத்தன நாளா தெரியும் அண்ணாச்சி?" என்றார். எல்லாவற்றையும் கேட்கலாமே, இதைத்தானா கேட்க வேண்டும். "பதினோரு நாள் டாக்டர்." மறுபடியும் குழந்தைகள் சத்தம். "நேத்து நான் கேட்டப்ப சரி டாக்டர்னு சொன்னீங்க." "ஆமா." "வாரேன்," என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் அண்ணாச்சி இல்லை. டைமர் கூவிக்கொண்டிருந்தது, எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, அருள்செல்விதான் அமர்த்தினாள்.

சி என்று எழுதியிருந்ததை ஸ்பிரிட் தொட்டு அழித்துவிட்டு அந்த டியூப்பில் பி டூ என்று எழுதினேன். நோயாளிகள் நிரப்புகிற பாரம் ஒன்றை அடுக்கிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே உட்கார்ந்து எழுதியிருக்கலாம், என் மேஜை அங்கேதான் இருக்கிறது, ஏன் வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பவுன்தாய் பதறி எழுந்து, "சார், வந்துருச்சா? நார்மல்தான சார்?" என்றாள். "இன்னும் மூணு மணி நேரம் ஆகும்மா. போன தடவ வந்தது தப்பு. எங்க தப்பு, என் தப்பு. டாக்டர் இப்ப வருவாங்க, எல்லாம் சொல்லுவாங்க, நானும் சொல்றேன்," என்றேன். அவள் என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள், அது என்ன தப்பு என்று அவளுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் என்னை என்ன செய்வாளோ, அதற்கும் நான் இங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பெயர், வயது, முகவரி எழுதினேன். அதற்குக் கீழே, குடும்பத்தில் வேறு யாருக்காவது இதுபோன்ற நோய் இருந்ததா என்று ஒரு வரி, எத்தனையோ பேரிடம் நான் வாசித்துக் காட்டிக் கேட்டு எழுதிய வரி. பேனா அதில் நின்றுவிட்டது. கௌசிகா டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு பாரத்தை எட்டிப் பார்த்தாள். "பேஷன்ட் பாரம்ல இது," என்றாள். பிறகு மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல், "அப்ப உங்களுக்கும் வயித்தால போகுதா சார்?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு இல்லம்மா," என்றேன். "என் தம்பிக்குப் போச்சு."